ஊர்ப்பெயர் இழந்த அணியும் புதிய பருவமும்

மார்ச்சுத் திங்களின் இறுதியில் அமெரிக்க நாட்டில் பேஸ்பால் பருவம் தொடங்குகின்றது. கனடாவின் ஓர் அணியையும் சேர்த்து முப்பது அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அவற்றுள் 81 சொந்தத் திடலில், எஞ்சிய 81 வெளியூர்களில். செப்டம்பர் இறுதிவரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம் உண்டு. முதற்பந்து எறியப்படுமுன்னரே, 'இவ்வாண்டு இந்த அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும்?' என்று கணித்துரைப்பது அங்கே ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துவிட்டது. மட்டையாளரின் சராசரி, பந்தெறிபவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள், காயமுற்றோர் பட்டியல் ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவர். கிரிக்கெட்டில் தோய்ந்த நமக்கும் இத்தகைய கணக்குகள் புதியன அல்ல.

அந்த எண்ணுக்குள் அடங்காத ஒன்று உண்டு. அதனை ஓர் அணியின் வாயிலாக எண்ணிப் பார்க்கலாம். அதன் பெயர் அத்லெடிக்ஸ். எந்த ஊர் அத்லெடிக்ஸ் என்று கேட்பீராயின், சிக்கலே அங்குதான் தொடங்குகின்றது.

1901ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பிறந்த அணி அது. 1955இல் கான்சஸ் சிட்டிக்குப் பெயர்ந்தது. 1968இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்கு வந்து, அங்கே 57 பருவங்கள் ஆடியது. 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து உலகத் தொடர் எனப்படும் பெரும்பட்டத்தை வென்றது. 1989இல் விரிகுடாவின் மறுகரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ அணியை வீழ்த்தி நான்காம் முறை ஓக்லண்டுக்குப் பட்டம் கொணர்ந்தது. அத்தொடரின் நடுவே நிலநடுக்கம் வந்து இருநகரங்களையும் உலுக்கியதும், பத்து நாள் இடைவெளிக்குப் பின் ஆட்டம் தொடர்ந்ததும் வரலாறு. துறைமுகத் தொழிலாளரும் நடுத்தரக் குடும்பத்தாரும் மிகுந்த அந்நகருக்கு, செல்வம் கொழிக்கும் அண்டை நகரை வென்ற பெருமை எத்துணை இனித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

அந்த அணி 2024 செப்டம்பர் 26ஆம் நாள் ஓக்லண்ட் கோலிசியத்தில் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. 46,889 பேர் வந்திருந்தனர். டெக்சாஸ் அணியை 3-2 என்ற கணக்கில் வென்றுவிட்டு, வென்ற அணியே ஊரைவிட்டு வெளியேறியது. லாஸ் வேகாஸ் நகரில் புதிய அரங்கம் 2028இல் திறக்கப்படும் என்பது திட்டம். அதுவரை ஒதுங்கிநிற்க, ஓக்லண்டிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேற்குச் சாக்ரமெண்டோவில் ஒரு சிறு திடல். அது இரண்டாம் நிலை ஆட்டங்களுக்கென்று கட்டப்பட்டது. சுமார் 14,000 பேருக்கே இடமுண்டு. அங்குச் சென்றபின் அணி எந்த ஊரின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டையின் ஒரு கையில் சாக்ரமெண்டோவின் பாலத்தைக் குறிக்கும் சின்னம். மற்றொரு கையில் லாஸ் வேகாஸின் சின்னம். 2025இல் நெஞ்சில் மட்டும் ஊர் இருக்கவில்லை.

இனி 2026ஆம் ஆண்டுப் பருவத்தின் வாயிலில் நின்று இவ்வணியின் வாய்ப்புகளைப் பார்ப்போம். வெறும் எண்களைக் கொண்டு நோக்கினால் நம்பிக்கை கொள்ளவே இடமுண்டு. 2023இல் 50 வெற்றிகள், 112 தோல்விகள், 2024இல் 69 வெற்றிகள், 2025இல் 76. படிப்படியான ஏற்றம் கண்கூடு. 2025இல் நிக் கர்ட்ஸ் என்னும் 22 வயது இளைஞர் தம் முதற்பருவத்திலேயே 36 ஹோம் ரன்கள் அடித்தார். ஜூலை 25 அன்று ஹூஸ்டன் நகரில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள்! முதலாண்டு வீரருக்கான விருது ஒருமனதாக அவருக்கே வழங்கப்பட்டது. அவ்விருதுக்கு அடுத்த இடத்தில் நின்றவர் ஜேக்கப் வில்சன். அவரும் இதே அணியினர். பருவத்தின் முற்பகுதியில், மே மாதத்தில், தொடர்ந்து 11 ஆட்டங்களில் தோற்ற அணி, பிற்பகுதியில் தோல்விகளைவிட மிகுதியான வெற்றிகளைப் பெற்றது. மட்டை பிடிப்போரைப் பொறுத்தவரை, இவ்வணியைக் கண்டு எதிரணிகள் அஞ்சும் காலம் அண்மித்துவிட்டது என்பதே என் கருத்து.

ஆயின் இவ்வணியின் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு விந்தை ஒளிந்திருக்கின்றது. வெளியூர்களில் பெற்ற வெற்றிகளைவிடச் சொந்தத் திடலில் பெற்ற வெற்றிகள் குறைவு. பொதுவாக எந்த அணியும் தன் ஊரில்தான் மிகுதியாக வெல்லும். பேஸ்பாலில் இதற்குத் தனிக்காரணமும் உண்டு. இரு திடல்களின் எல்லைகள் ஒன்றுபோல் இரா; சுவரின் உயரமும் காற்றின் போக்கும் ஊருக்கு ஊர் வேறுபடும். அணிகள் தம் திடலின் இயல்பறிந்து வீரர்களைத் தேர்ந்து பழக்குகின்றன. ஓக்லண்ட் கோலிசியத்தில் எல்லைக்கோடுகளுக்கு வெளியே பரந்த இடம் கிடந்தது. தவறி உயரப் போன பந்துகளை அங்கே ஓடிப் பிடித்துவிடலாம். கடற்காற்றின் குளிர்ச்சியில் பந்தும் நெடுந்தொலைவு பறக்காது. பந்தெறிவோர்க்கு அது தாய்வீடு. சாக்ரமெண்டோவிலோ கோடை வெயில் கொளுத்துகின்றது. வெப்பக் காற்றில் பந்து எளிதாகப் பறக்கின்றது. ஓய்வறை ஆட்டக்காரர் அமரும் இடத்தை ஒட்டி இல்லாமல் திடலின் எல்லைக்கு அப்பால் இருப்பதால், பந்தெறிபவர் இடைவேளையில் உள்ளே சென்று இளைப்பாறி வரவும் இயலாது. அதுவரையிலான அணியின் வரலாற்றிலேயே மிகப்பெரிய தொகையாகிய 6 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்து கொணர்ந்த லூயிஸ் செவரினோ, 2025இல் ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் வெளியூர்களைவிடச் சொந்தத் திடலில் ஏறத்தாழ இருமடங்கு. இத்துணைப் பொருள் செலவழித்து வாங்கிய கைக்கு நிழல் தர ஓர் ஊரை ஈட்டாமல் விட்டது யார் குற்றம்?

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் கூறுவர். கோலிசியம் 1966இல் திறக்கப்பட்ட பழைய அரங்கம், கழிவுநீர் கசியும், பார்வையாளர் வருகையும் மிகக் குறைவு என்பர். அரங்கம் பழுதுற்றது மெய். பார்வையாளர் ஏன் குறைந்தனர் என்ற வினாவை மட்டும் அவர்கள் எழுப்புவதில்லை. 2021இல் 86 ஆட்டங்களில் வென்ற அணியிலிருந்து, 2022ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன் மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா ஆகியோரை ஒருவர்பின் ஒருவராகப் பிற அணிகளுக்கு அனுப்பிவிட்டனர். அவ்வாண்டு 102 தோல்விகள். பந்தியில் இலையை எடுத்துவிட்டு, உண்ண ஆளில்லை என்று சொல்வது போன்றது இது. 2023 ஜூன் 13 அன்று ஓக்லண்ட் மக்கள் ஒரு புதுவகைப் போராட்டம் நடத்தினர். ஆட்டத்தைப் புறக்கணிப்பதற்கு மாறாக 27,759 பேர் திரண்டு வந்து, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி முழங்கினர். ஊரார் அணியை மறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும் நெவாடா மாநிலம் புதிய அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர அம்மாதத்திலேயே சட்டமியற்றிற்று; நவம்பரில் ஏனைய அணிகளின் உரிமையாளர்கள் இடமாற்றத்தை ஒருமனதாக ஏற்றனர்.

ஓக்லண்டும் இவ்வணியைக் கான்சஸ் சிட்டியிடமிருந்து பெற்றதுதானே என்று நடுநிலையாளர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. 1968இல் ஓக்லண்டில் மகிழ்ச்சி பொங்கியபோது கான்சஸ் சிட்டியில் ஒரு தலைமுறைச் சிறுவர் அழுதிருப்பர். ஆயினும் கான்சஸ் சிட்டிக்கு மறு ஆண்டே, 1969இல், ராயல்ஸ் என்னும் புதிய அணி கிடைத்தது. ஓக்லண்டுக்கு அவ்வாறு ஈடு செய்வார் எவருமில்லை. கூடைப்பந்து அணி 2019இல் சான் பிரான்சிஸ்கோவுக்கும், அமெரிக்கக் கால்பந்து அணி 2020இல் லாஸ் வேகாஸுக்கும் சென்றுவிட்ட பின்னர், அந்நகரில் எஞ்சியிருந்தது இவ்வொன்றே.

ஆகவே 2026இல் இவ்வணி 81 வெற்றிகளைத் தாண்டக்கூடும் என்றே நானும் கணிக்கின்றேன். பந்தெறிவோர் சிறிது தேறினால் அதற்கு மேலும் செல்லலாம். ஆனால் அவ்வெற்றிகளை எந்த ஊரின் கணக்கில் எழுதுவது? சாக்ரமெண்டோ மக்கள் நல்ல விருந்தோம்பிகளே. இருந்தும் 2025இல் அச்சிறு திடலுக்குக்கூடச் சராசரியாகப் பத்தாயிரம் பேர் வரவில்லை. மூன்றாண்டில் விடைபெறப் போகும் விருந்தினர்க்கு யார்தான் தம் பிள்ளைகளின் நெஞ்சைப் பறிகொடுக்கச் செய்வர்? லாஸ் வேகாஸ் ரசிகர்களோ அரங்கம் எழும்வரை காத்திருக்கின்றனர். கர்ட்ஸின் பந்து வானில் எழும்போது 'எங்கள் பிள்ளை' என்று எழுந்துநின்று ஆர்ப்பரிக்க ஓர் ஊர் இல்லாத குறையை எந்தக் கணிப்பாளரும் தம் பட்டியலில் சேர்ப்பதாகத் தெரியவில்லை. ஒப்பந்தம் முடிந்து விடுதலை பெறும் நாளில், இங்கேயே இருப்போம் என்று ஒரு வீரர் நினைக்க ஓர் 'இங்கே' வேண்டுமன்றோ?

இதற்கிடையில் ஓக்லண்ட் வாளாவிருக்கவில்லை. ரசிகர்களும் பங்கு வாங்கியுள்ள ஓக்லண்ட் பாலர்ஸ் என்னும் சிறிய அணி, பெருங்குழுமத்துக்கு வெளியேயுள்ள பயனியர் லீக்கில் 2024 முதல் ஆடி வருகின்றது. நகரின் மேற்குப் பகுதியிலுள்ள ரெய்மண்டி பூங்காவே அதன் திடல். சில ஆயிரம் பேர் மட்டுமே அமரலாம். 2025ஆம் ஆண்டு, தன் இரண்டாம் பருவத்திலேயே, அவ்வணி லீக் பட்டத்தை வென்றது. அதன் சட்டையில் ஊர்ப்பெயர் இருக்கின்றது.