பாராட்டுச் சாட்சியமாகாது

2017 இல் திருகோணமலை வீதியிலே வேலை கோரிப் போராடிய பட்டதாரிகளின் கோரிக்கை நியாயமானதே. ஆயினும், அரசாங்க உத்தியோகம் ஒன்றையே நம்பி நம் இளைஞர் எத்தனை காலம் காத்திருப்பது?

கோணேசபுரி வளாகத்திலே முகாமைத்துவம் பயில்கின்றனர். அயலிலே நிலாவெளிக் கரை. ஐஸ் போதாத நாளில் மீன் வந்த விலைக்குப் போகிறது. மாணவன் தொழில் தேட வேண்டிய இடம் அதுவன்றோ!

கண்டது போதாது; சோதிக்கவும் வேண்டும். மலிவான சுகாதார அணையாடை செய்யப் புகுந்த கோயம்புத்தூர் முருகானந்தம், மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் அபிப்பிராயம் கேட்டார். ஒரு சிலரே எல்லாருடைய படிவங்களையும் நிரப்பக் கண்டு, தாமே அணிந்து சோதித்தார்.

வெறும் வாய்ச்சொல்லை எளிதில் ஏற்றுவிட இயலாது. மீனவன் கைக்காசு கொடுத்து இரண்டாம் முறையும் வாங்கினால், அது சாட்சியம். ஐந்து படகுகளுக்கு ஐஸ் பெட்டியும், ஒரு பருவ அவகாசமும் மாணவருக்கு வளாக நிர்வாகம் இவ்வாண்டே வழங்கட்டும்.