சொல்லை இழந்த தாலாட்டு

குலசேகராழ்வார் இராமனுக்குப் பாடிய தாலாட்டைக் கிட்டாரில் தனியிசையாக வாசிக்க நம் பிள்ளைகள் முனைந்தால், "ஆழ்வார் பாட்டுக்கு மேலைக் கருவியா?" என முகஞ்சுளிக்கும் பெரியோர் உளர். அவர்தம் சினம் நேர்மையானது. ஆயின் இலக்குத் தவறியது.

வயலினும் மேலைக் கருவியே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்த சீனிவாஸ் மாண்டலினில் கருநாடக இசையை முழங்கினார். மெட்டுகள் கமகத்தைத் தடுக்குமெனின், வீணைக்கும் 24 மெட்டுகள் உண்டன்றோ? தந்தியை இழுத்து நீலாம்பரியின் அசைவைக் கிட்டாரிலும் எழுப்பலாம். ஆதலின் பழி கருவியின் மேலதன்று.

பிழை, தாலாட்டினின்று சொல்லை அகற்றிவிட்டு "தாலாட்டைக் காத்தோம்" என மகிழ்வதில்தான் உள்ளது. பெருமாள் திருமொழியில் அத்தாலாட்டு ஒரு முழுக் காப்பியமாக விரிகிறது. தாடகை வீழ்ச்சி, பரதன் பெற்ற அரசு, கடலில் எழுந்த அணை, இலங்கையின் அழிவு அனைத்தும் தொட்டிலருகே சொல்லப்படுகின்றன. சொல்லை நீக்கினால் இவற்றுள் எஞ்சுவது யாது?

திருப்பதியில் வாழ்வோர்க்குச் சான்று அருகிலேயே உளது. 1922-இல் திருமலையில் வெளிப்பட்ட அன்னமாச்சாரியரின் செப்பேடுகளில் பாடல்கள் உள, இராகப் பெயர்களும் உள, சுரக்குறிப்புகள் இல்லை. இன்று நாம் கேட்கும் இசை வடிவங்களுட் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டு இசைவாணர் அமைத்தவை. இசை மறைந்தது, சொல் நின்றது, நின்ற சொல்லே புதிய இசையை ஈன்றது. தெலுங்கர் பெற்ற இப்பேறு தமிழர்க்கும் பாடமாகுக.

"குழந்தைக்குப் பொருள் விளங்குமா? இன்னிசை போதாதா?" என வினவலாம். எந்த மொழியும் குழந்தைக்குத் தொடக்கத்தில் விளங்குவதில்லை. செவி பழகிய பின்னரே பொருள் பிறக்கிறது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைக்கு, எழுத்தறியுமுன் கிடைக்கும் தமிழ் தாயின் தாலாட்டன்றி வேறு யாது? அதனையும் ஊமையாக்குவதோ?

கிட்டார் பயிலும் இளைஞர்காள்! முதலில் அப்பாசுரங்களை வாய்விட்டுப் பாடுமின். நெடில் நீளும் இடத்தில் தந்தியும் நீளட்டும். குறில் முடியும் இடத்தில் விரலும் ஓயட்டும். பாடத் தெரிந்தவன் வாசித்தால் கேட்போர் நெஞ்சில் சொல் தானே எழும். பெரியோர்களே! கிட்டாரைக் கடிவதற்குமுன் ஒன்று எண்ணுமின்: நும் இல்லத்துத் தொட்டிலருகே அத்தாலாட்டை முழுதும் பாடவல்லார் எத்துணைப் பேர்? ஆழ்வாரின் பெயர் தாங்கிய குலசேகரப்படி திருமலையில் கருவறை முன் கிடக்கிறது. அவர் தந்த தாலாட்டு நம் வீட்டு வாயிலிலேயே நின்றுவிடலாகாது.