குரல் மட்டும் வேணும், முகம் வேண்டாமா?

சாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டு இருந்தார்கள். ஊர்க் கோயில் பொங்கலுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்க வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்பதுதான் பேச்சு.

ஒருவர் செல்போனை எடுத்தார். ஒரு பெண் பாடிய பாட்டைப் போட்டார். கிளாஸ் கழுவிக்கொண்டு இருந்த பையன்கூட கையை நிறுத்திவிட்டுக் கேட்டான். அப்படி ஒரு குரல்!

"யாருப்பா இந்தப் புள்ள?"

"நம்ம பக்கத்துப் புள்ளதான் அண்ணாச்சி. அவங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறாங்க."

"போட்டோ இருக்கா?"

போட்டோவைக் காட்டினார். நாலு பேரும் பார்த்தார்கள். பேச்சு நின்றுபோனது.

"பாட்டு பிரமாதந்தான். ஆனா புள்ள கொஞ்சம் கறுப்பா இருக்கே. மேடையில எடுப்பா இருக்காதே. நோட்டீசுல படம் போட்டா கூட்டம் வருமா?"

அவ்வளவுதான். காரியம் முடிந்தது! மதுரையில் இருந்து வேறு பார்ட்டியை முடிவு செய்தார்கள். அதில் 'சிவப்பா' ஒரு பெண் பாடுகிறதாம். "இந்தப் புள்ளையையும் வரச் சொல்லுவோம், பின்னாடி நின்னு கோரஸ் பாடட்டும்" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார்கள்.

இப்படித் தீர்ப்புச் சொன்ன நாலு பேரும் என்ன நிறம்? கேட்காதீர்கள். நம்ம கரிசல்காட்டு நிறம்தான்! பக்கத்து பெஞ்சில் இருந்து கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் டீ குடித்த எனக்கும் அதே நிறம்தான்.

அன்றைக்குப் பேசாமல் வந்துவிட்டேன். அதற்குத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

காதுக்கா? கண்ணுக்கா?

பாட்டு என்பது காதுக்கு உள்ள சங்கதி. அதற்கு எதற்கய்யா நிறம்?

ஒரு காலத்தில் நமக்குப் பாட்டு என்றால் ரேடியோதான். 1963ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. சிலோன் ரேடியோவும் இருந்தது. பெட்டிக்கடை வாசலில் நின்று பாட்டுக் கேட்டோம். பாடியது யார், அவர் சிவப்பா கறுப்பா என்று யாராவது கேட்டோமா? குரல் நன்றாக இருந்தால் தலையை ஆட்டினோம்.

சினிமாவிலும் அப்படித்தான். பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர். 1962ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. படத்தில் நாதஸ்வரம் பிடித்தவர் ஜெமினி கணேசன். ஊதியவர் காருகுறிச்சி அருணாசலம். நம்ம பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964ல் மறைந்தவர். இங்கே இருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்!

அது சினிமாவின் வேலைப் பிரிவு. அதைக் குற்றம் சொல்லவில்லை. அதில் ஒரு நன்மையும் இருந்தது. முகம் எப்படி இருந்தாலும் குரலுக்குக் கூலி கிடைத்தது.

டி.வி. வந்தது. செல்போன் வந்தது. இப்போது பாட்டைக் 'கேட்கிறோம்' என்று யார் சொல்கிறார்கள்? 'பாட்டைப் பார்த்தியா?' என்றுதான் கேட்கிறார்கள்! பார்க்க ஆரம்பித்ததும் பாடுகிறவர் முகமும் பரீட்சைக்கு வந்துவிட்டது. அந்தப் பரீட்சையில் முதல் கேள்வியே நிறம்தான்.

ஆம்பளைக்கு ஒரு நியாயம்!

"கறுப்பா இருந்தவங்க ஜெயிக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஜெயித்தார்கள். ரஜினிகாந்த் ஜெயித்தார். விஜயகாந்தை 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' என்றே கொண்டாடினோம். பாட்டில் இளையராஜா இருக்கிறார். பண்ணைப்புரத்தில் பிறந்து 1976ல் 'அன்னக்கிளி' மூலம் வந்து, தமிழ்நாட்டையே கட்டிப்போட்டார். அவர் நிறத்தைப் பார்த்தா கேசட் வாங்கினோம்?

சரி. இந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம்! இளம் வயதிலேயே, கறுத்த முகத்தோடு, முன்வரிசையில் நின்று, போஸ்டரில் படம் போட்டு ஜெயித்த பாடகி?

யோசிக்கிறீர்கள். நானும் ரொம்ப நேரம் யோசித்தேன்.

கொல்லங்குடி கருப்பாயியைச் சினிமா கூப்பிட்டது 1985ல், 'ஆண்பாவம்' படத்துக்கு. பாட்டி வேஷம்! பரவை முனியம்மாவை 2003ல் 'தூள்' படத்தில் கண்டு ஊரே விசில் அடித்தது. அவருக்கும் அப்போது பாட்டி வயதுதான். இரண்டு பேரும் சின்ன வயதில் பாடாமலா இருந்தார்கள்? வயலில் பாடினார்கள். திருவிழாவில் பாடினார்கள். நம்ம ஜனங்கள் கேட்டார்கள். சினிமாவின் கண்ணுக்கு மட்டும் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தார்கள்.

நம்ம ஊர் நிறத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பாட்டி வேஷம் உண்டு. கோரஸ் உண்டு. கதாநாயகிக்குப் பின்னால் இருந்து குரல் கொடுக்கலாம். நடுமேடை மட்டும் கிடையாது. இருபது வயதுப் பெண் அறுபது வயது வரை காத்திருக்க வேண்டுமா? என்ன நியாயம் இது!

அட்டையில் ஆளைக் காணோம்

இது கிராமத்துக் கமிட்டிக்காரர்கள் பண்ணும் காரியம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. உலகம் முழுக்கத் தமிழர்கள் அதைப் பாடினார்கள். எழுதியவர் அரக்கோணத்துக்காரர் அறிவு. தீயோடு சேர்ந்து பாடியவரும் அவரே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டியின் வாழ்க்கையை அதில் வைத்திருந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் போட்டது. அந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' பாட்டையும் பற்றிப் பேசிய அட்டை. தீ இருந்தார். ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவைக் காணோம்!

டைரக்டர் பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். இரண்டு பாட்டிலும் கைவைத்தவரை மறுபடியும் மறைத்துவிட்டீர்களே என்றார். பலரும் சேர்ந்து கேட்டார்கள். பிறகு அந்தப் பத்திரிகை இணையத்தில் அறிவுக்குத் தனி அட்டை போட்டது.

அதில் நிறம் எவ்வளவு, சாதி எவ்வளவு, ஊர் எவ்வளவு என்று தராசு வைத்து நிறுத்துச் சொல்ல முடியாது. அட்டையில் இருந்த இருவரும் திறமைசாலிகள். அவர்கள் மேல் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு சங்கதி நிச்சயம். படம் போடும் நேரத்தில் யார் விட்டுப்போகிறார் என்று பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆள்தான் விட்டுப்போகிறார். நாலு பேர் கேட்டால்தான் பிறகு ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவிலும் இதே கதை

கறுப்பின மக்கள் பாட்டிலே உலகத்தை ஆட்டிவைத்த அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது?

பியான்சே என்ற பாடகியைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய தந்தை மேத்யூ நோல்ஸ்தான் ரொம்ப நாள் மேனேஜராக இருந்தவர். 2018ல் அவரே ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். மகள் இன்னும் கறுப்பாக இருந்திருந்தால் வெற்றி பாதித்திருக்கும் என்றார். ரேடியோவில் அதிகமாகப் பாட்டுப் போடப்படும் கறுப்பினப் பாடகிகளைப் பாருங்கள், எல்லாரும் வெளுத்த நிறம் என்றும் சுட்டிக்காட்டினார். தொழிலுக்குள் இருந்த ஆளே சொன்ன வாக்குமூலம் இது!

நீனா சிமோன் என்று ஒரு பாடகி. நல்ல கறுப்பு. அந்த நிறத்தைப் பெருமையாகப் பேசியவர். 2003ல் காலமானார். 2016ல் அவர் வாழ்க்கையைப் படம் எடுத்தார்கள். கதாநாயகியாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? அவரைவிட வெளுத்த நடிகை ஜோ சல்டானாவை! முகத்தில் கறுப்பு மேக்கப் போட்டு நடிக்க வைத்தார்கள். 2020ல் அந்த நடிகையே வருத்தம் தெரிவித்தார்.

நம்ம சினிமா மட்டும் சளைத்ததா? கரிசல்காட்டுப் பெண் வேஷத்துக்கு வெளுத்த பெண்ணைக் கூட்டிவந்து மை பூசுகிறார்கள். மை பூசத் தேவையில்லாத பெண் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறது!

கும்பிட மட்டும் கறுப்பு!

கருங்கல் சிலைக்கு எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று மின்ன வைத்துக் கும்பிடுகிறோம். காவலுக்குக் கருப்பசாமி வேண்டும். பிள்ளைக்குக் கருப்பையா, கருப்பாயி என்று ஆசையாகப் பெயர் வைத்த ஊர் இது. கரி இல்லாமல் வெடிமருந்து உண்டா? கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்தால்தானே தீபாவளிக்கு வெளிச்சம்! பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் பெண் பார்க்கப் போனால், "பொண்ணு செவப்பா?" என்றுதான் முதல் கேள்வி. மேடைக்கு ஆள் எடுத்தாலும் அதே கேள்வி.

இந்த ஆசையை வைத்துக் கோடிக் கணக்கில் வியாபாரம் நடக்கிறது. 1975ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 45 வருஷம் கழித்து, 2020ல், பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். கறுத்தவர்களை மட்டமாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014லேயே விதி போட்டது. 2009ல் நம்ம சென்னையில் இருந்துதான் 'கறுப்பும் அழகே' என்ற பிரசாரம் கிளம்பியது. பிறகு நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார்.

டப்பாவில் பெயர் மாறியது. நம்ம புத்தி மாறியதா?

"ஜனங்க கேக்கிறாங்க சார்!"

கச்சேரி ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு என்ன சார் ஓரவஞ்சனை? கமிட்டிக்காரங்க வாட்ஸ்அப்பில் முதல்ல போட்டோதான் கேக்கிறாங்க. பாட்டு அனுப்புன்னு ஒருத்தரும் கேக்கல. ஜனங்க எதைப் பாக்க ஆசைப்படுறாங்களோ, அதைத்தானே நாங்க கொடுக்கணும்?" என்றார்.

ஜனங்கள் மேல் பழி போடுவது சுலபம். 2018ல் 'சூப்பர் சிங்கர்' போட்டியில் ஜெயித்தது யார்? வேட்டி கட்டி நாட்டுப்பாட்டுப் பாடிய செந்தில் கணேஷ். ஓட்டுப் போட்டது ஜனங்கள்தானே? அவரும் மனைவி ராஜலட்சுமியும் நம்ம ஊர்த் தோற்றத்தோடு நின்றுதான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். மேடையில் ஏற்றிவிட்டால் ஜனங்கள் கேட்கிறார்கள். ஏற்றிவிட்டால்தானே!

தடுப்பது வாசல்படியில் நிற்கும் நாலு பேர். அவர்கள் பெயர் கமிட்டி.

அந்தப் பெண்ணின் அம்மாவை நாலு நாள் கழித்துச் சந்தையில் பார்த்தேன். "மக எப்படிப் பாடுது?" என்று கேட்டேன்.

"பாடி என்ன சார் செய்ய? முன்னாடி நின்னு பாடுற புள்ளைக்குக் கொடுக்கிற காசுல பாதிகூடப் பின்னாடி நிக்கிற புள்ளைக்கு இல்ல. இப்ப ஏதோ கிரீம் வாங்கிப் பூசுது. என் கூலி அதுக்கே போகுது. முகம் எரியுதுன்னு அழுகுது. பேசாம என்கூட ஆபீசுக்கு வாடின்னு சொல்லிட்டேன்" என்றார்.

ஒரு நல்ல குரல் தீப்பெட்டி ஒட்டப் போகிறது. அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அந்த வேலையில்தான் இந்த ஊரே சாப்பிடுகிறது. ஆனால் பாடத் தெரிந்த பெண், பாடத் தெரியாததால் அங்கே போகவில்லை. நாம் கண்ணை மூடிக் கேட்கத் தெரியாததால் போகிறது!

ஒரு திரை கட்டினால் போதும்

வழி இல்லாமல் இல்லை.

அமெரிக்காவில் பெரிய வாத்தியக் குழுக்களில் ஒரு காலத்தில் பெண்களையே அதிகம் சேர்க்க மாட்டார்கள். 1970களில் பல குழுக்கள் திரை கட்டிப் பார்த்தன. வாசிக்கிறவர் திரைக்கு அந்தப் பக்கம். தேர்வு செய்கிறவர்கள் இந்தப் பக்கம். செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தரையில் விரிப்புப் போட்ட இடமும் உண்டு! அந்தக் குழுக்களில் இன்றைக்குப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பல காரணம் உண்டு, திரையும் ஒன்று.

நமக்குத் திரை வாங்கக்கூடச் செலவு வேண்டாம். போட்டோ கேட்பதற்கு முன்னால் பாட்டைக் கேளுங்கள். பாட்டைக் கேட்டு முடிவு செய்த பிறகு போட்டோ வாங்குங்கள். நோட்டீசில் பாடுகிற எல்லார் பெயரையும் போடுங்கள். முன்வரிசை, பின்வரிசை என்று கூலியைப் பிரிக்காதீர்கள். கிராமத்துக் கமிட்டி நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

ஆடி வந்தால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் மைக் செட் கட்டுவார்கள். எந்த மேடையில் யார் நிற்கிறார் என்று இந்த முறை பார்த்துக்கொண்டே வருவேன்.

அந்த நாலு பேரில் ஒருவர் இந்தப் பத்திரிகையைத் தினமும் வாங்குகிறவர். அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பாட்டு இன்னும் உங்கள் செல்போனில் இருக்கும். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். பிறகு மதுரைப் பார்ட்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.