தடுப்பூசிக்கு வீடு தேடி வருகிறோம், பேச்சுக்கு?

இரண்டு வயது முடிந்த பிள்ளை இன்னும் ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு தாய் கவலைப்பட்டால், காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். இவங்கப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான். வசம்பைச் சுட்டுத் தேன்ல இழைச்சு நாக்குல தடவு. காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கோ. சொல்கிறவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பிலேயே ஒரு வருஷம் போய்விடுகிறது; சில வீடுகளில் மூன்று வருஷம்.

பேசாத பிள்ளை பேசிய கதைகள் காஞ்சிக்குப் புதியவை இல்லை. வாய் பேச இயலாதிருந்த பக்தர் ஒருவர் காமாட்சியின் அருளால் பேச்சு வந்து ‘மூக பஞ்சசதி’யின் 500 சுலோகங்களைப் பாடினார் என்பது இந்த ஊர் மரபு. தெற்கே, ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரருக்குத் திருச்செந்தூர் முருகன் சன்னிதியில் பேச்சு வந்தது என்பார்கள். ‘அஞ்சு வயசுல பேசிடுவான், விடு’ என்பவர்கள் அந்தக் கதையில் பாதியை மறந்துவிடுகிறார்கள். ஸ்ரீவைகுண்டத்துப் பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்குப் போய், அங்கேயே தங்கி விரதம் கிடந்தார்கள். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று யாருக்கும் சொல்ல நாம் வரவில்லை. போகிற வாரத்திலேயே காதுப் பரிசோதனைக்கும் போங்கள் என்கிறோம்.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது என்று வீட்டில் முடிவு கட்டுவது சரியில்லை. உரத்த சத்தம் கேட்டு, பேச்சின் நுண்ணிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். அதிலும் எவ்வளவு சின்ன வயதில் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு நன்றாக வரும். ஐந்து வயதுவரை பொறுத்துப் பார்த்தவர்களுக்கு அங்கே மிச்சம் இருப்பது சில மாதங்கள்தான்.

காது சரியாக இருந்தால் அடுத்த கேள்விகள் வருகின்றன. ஒரு வயதை ஒட்டிக் கையை நீட்டிக் காட்டுகிறதா? ஒன்றரை வயதில் சில சொற்களாவது உண்டா? இரண்டு வயதில் ‘அப்பா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேர்கிறதா? வந்த சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்ற வாதம் உண்மைதான். எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதை இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை. தேவையில்லாத பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தால் நஷ்டம் கொஞ்சம் விளையாட்டு நேரம்தான். தேவையான பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டால் போவது மூளை வேகமாக வளரும் வருஷங்கள்.

இது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதியும் இல்லை. இமாசலத்தின் காங்ராவிலிருந்து ஐதராபாத் வரை நாட்டின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுவரையிலான பிள்ளைகளிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வு, ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. காதுக் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒரு அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அது பார்க்க வேண்டிய நான்கு வகைக் குறைகளில் வளர்ச்சித் தாமதமும் ஒன்று. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆக, கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு தாயின் கையில் ஒரு பரிந்துரைச் சீட்டு வந்து சேர்கிறது. அதற்கப்புறம் நடப்பதுதான் நம் குறை.

பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் ‘நம் மாவட்டத்தில்’ என்று சொல்லிக்கொண்டோம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அதுவும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டன. எல்லைக்கோடு இந்தப் பக்கம் இருந்தபோது மட்டும் முசரவாக்கத்துக்காரருக்கு முட்டுக்காடு பக்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லைதான். பேருந்து மாறி மாறிப் போய்த் திரும்ப ஒரு முழு நாள். பேச்சுப் பயிற்சியோ ஒரு நாளில் முடிகிற ஊசி மருந்து இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நடப்பது.

அந்த ஒரு நாளின் விலை நெசவாளர் வீட்டில் என்ன? கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. கோர்வைச் சேலை என்றால் கரையை உடலோடு இணைக்க இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னோர் ஆள் மனைவி. அவர் பிள்ளையோடு பேருந்து ஏறினால் தறி நிற்கும். ஒருவர் போனதற்கு இருவர் உழைப்பு போகும். நான்கைந்து முறை போய்விட்டு நின்றுவிடும் தாயை ‘அக்கறை இல்லாத அம்மா’ என்று எழுதிவைக்கும் மருத்துவமனைக் குறிப்பேடுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அவர் தார் சுற்றும் நேரத்தில் பிள்ளையின் கையில் செல்போன் இருப்பதும் அக்கறையின்மையால் இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது சரியானதே. ஆனால் செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்கிவிட்டது என்று தாயின் தலையில் பழிபோட யாருக்கும் ஆதாரம் கிடையாது.

பழி போடுவதில் இன்னொரு வகையும் இங்கே உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளரில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், தெருவில் தமிழ். இரண்டு மொழி கேட்பதால்தான் பிள்ளை குழம்பிப் பேசாமலிருக்கிறது, ஒன்றை நிறுத்துங்கள் என்று படித்தவர்களே அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மொழி பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. பாட்டியின் மொழியை நிறுத்தினால், பிள்ளையோடு நாள் முழுக்கப் பேசக்கூடிய ஒரே ஆளும் வாயடைத்துப் போவார்.

பாட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அவர் வாசலுக்கு வருகின்றன. தேவைப்பட்டால் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். அதே வீட்டில், அதே பாயில் உட்கார்ந்திருக்கும் பேரனின் பேச்சுக்கு மட்டும் ஏன் யாரும் வருவதில்லை? பேச்சுப் பயிற்சியாளர் போதவில்லை என்பார்கள். போதவில்லைதான். அதற்கு விடையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிபுணர்களின் மேற்பார்வையில் வீடுகளுக்கு அனுப்பி, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் மூலமாகவே பயிற்சி தருகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையிலும், நிபுணர் அல்லாத களப் பணியாளர்கள்தான் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பழகுவதும், பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின.

ஆகவே நம் கோரிக்கை பெரிய கட்டடம் இல்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தடுப்பூசிக்கு வராத பிள்ளையைக் கிராம செவிலியர் வீடு தேடிப் போய்க் கூப்பிடுகிறார். அந்த ஊசியோடு பேச்சையும் காதையும் பற்றிய கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். சந்தேகம் வந்த பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் அங்கன்வாடியிலேயே பயிற்சி, இடையில் வீட்டுக்கு வரும் ஒரு பணியாளர். மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ சேவை மையங்களுக்காக உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் பணம், நகரத்து மையங்களோடு நின்றுவிடாமல் இந்தப் பணியாளரின் சம்பளமாகக் கிராமத்துக்கு வரட்டும்.

குறைபாடு எத்தனை சதவீதம் என்ற சான்றிதழ் கேட்பதையும் இந்த வயதில் நிறுத்த வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு அது தேவை என்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சதவீதம் போட மருத்துவரே தயங்குவார், பெற்றோரும் முத்திரை குத்தப்படும் என்று பயந்து ஒதுங்குவார்கள். பயிற்சிக்கு வரும் நாளுக்கு, சான்றிதழ் கேட்காமல், தறிக்கூலி இழப்பை ஈடுகட்டும் ஒரு தொகை தாயின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பரில் இதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். தாயின் கணக்குக்குப் பணம் அனுப்பும் வழி அரசுக்குத் தெரியாதது இல்லை.

பணத்துக்கும் ஆளுக்கும் சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டும். கேள்விகளுக்கு அதுவரை பொறுக்க வேண்டாம். புதன்கிழமைதோறும் தடுப்பூசி முகாம் நடக்கிறது. அங்கே கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துச் செவிலியர் கையில் கொடுக்க மாவட்டச் சுகாதார அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும். முசரவாக்கத்துப் பிள்ளைகளிடமே முதலில் கேட்டுத் தொடங்கலாம்.