கதவைத் தட்டியவர்கள் கேட்டது என்ன?

சபை வளர்ச்சிக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பல வருடம் காசு வாங்கியவன் நான். அதனால் இந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

சமீபத்தில் விழுப்புரத்தில் ஊழியர்களுக்கு மூன்று நாள் கூடுகை. ஆத்தும ஆதாயம், சீஷத்துவம், இளைஞர் ஊழியம் என்று வேளைக்கு ஒரு பாடம், பாடத்துக்கு ஒரு புத்தகம். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற கிராமத்து பாஸ்டர் திரும்பிச் சொன்னார்: "மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பணும் பிரதர். ஞானஸ்நானம் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஊர்ல எத்தனை சண்டையத் தீர்த்து வச்சேன்னு கட்டமே இல்ல."

பிற்பகலில் பேசியவர் வழக்கம்போல ஐடா ஸ்கடர் கதையை எடுத்தார். பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்தது என்பதால் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1890களில் ஓர் இரவு. பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், இன்னொரு இந்து என்று மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர்தான்; ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். வேலூர் சி.எம்.சி. பிறந்தது.

இதை 'அழைப்பு' என்ற தலைப்பில் சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் அந்த மூவரில் ஒருவர்கூட சுவிசேஷம் கேட்டு வரவில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்றார்கள். தன்னிடம் இருந்ததை அவர்கள் கையில் திணிக்காமல், அவர்கள் கேட்டது தன்னிடம் இல்லை என்று உணர்ந்ததுதான் ஐடாவின் பெருமை.

இதே மாவட்டத்தில் இன்னொரு கதவும் தட்டப்பட்டது. அதைப் பற்றி எந்தக் கூடுகையிலும் பாடம் நடந்து நான் பார்த்ததில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். இப்போது அது கள்ளக்குறிச்சி மாவட்டம். தட்டியவர்கள் வெளியாட்கள் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு வரும் தலித் கத்தோலிக்கர்கள். ஊர்த் தெரு வழியாகச் சவ ஊர்வலம் போகக் கூடாது, கல்லறையும் தனி என்ற நிலைமைக்கு எதிராகத்தான் தட்டினார்கள். தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்றார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்கள்.

"அது ஆர்.சி. விவகாரம், நமக்கென்ன?" என்பார்கள். அப்படியா? சீர்திருத்தச் சபைக்காரர்கள் தரும் வரன் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். விசுவாசத்துக்குப் பக்கத்திலேயே சாதியும் உட்கார்ந்திருக்கும். நமது சீஷத்துவப் பாடம் ஞாயிறு ஆராதனையில் தொடங்கி ஜெபக்குழுவில் முடிந்துவிடுகிறது. கல்யாணப் பந்தலுக்கும் கல்லறைக்கும் அது போவதே இல்லை.

போதகர்கள் கோழைகள் என்று நான் சொல்லவில்லை. சாதியைத் தொட்டால் நாலு பெரிய குடும்பம் வேறு சபைக்குப் போய்விடும், காணிக்கை குறையும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாது. இது நிஜமான பயம். இந்தப் பயத்தில் இருப்பவரிடம் ஏழு படிகள் புத்தகத்தைக் கொடுத்து, 'உற்சாகப்படுங்கள்' என்று தோளைத் தட்டுவது கேலிக்கூத்து.

தலைமையில் இருப்பவர்களே, அடுத்த கூடுகையில் ஒரு பாடத்தை நீக்கிவிட்டு ஒவ்வொரு போதகரையும் அவரவர் ஊர்க் கல்லறைக்கு அனுப்புங்கள். யார் எங்கே புதைக்கப்படுகிறார், எந்த வழியாக எடுத்துப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதை நேர்மையாக நிரப்பியதால் ஒரு போதகரின் காணிக்கைப் பெட்டி காலியானால், அந்த மாதச் சம்பளத்தை நீங்கள் அனுப்புங்கள். அவருக்கு வேண்டிய உற்சாகம் அதுதான். புத்தகத்தை அப்புறம் அனுப்பலாம். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.