உளிப் பல்லின் பழைய உறவு

அரிசி மூடையைக் கடித்த எலியை ஏசும்போது அதன் முன்பல்லையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடினமான மிளிரி முன்புறத்தில் மட்டுமே. பின்புறம் விரைவாகத் தேய்வதால் பல் உளிபோலத் தானே கூராகிறது. தேயத் தேய வளரவும் செய்கிறது. தேயாவிட்டால் பல் நீண்டு, இரை எடுக்க முடியாமல் பட்டினிதான்!

இந்தப் பல் மிகப் பழையது. மொங்கோலியாவில் புதைபடிவமாய்க் கிடைத்த ஒரு சிறு பிராணிக்கு 1925இல் மத்தியூ, கிரேஞ்சர் என்போர் 'யூரிமைலஸ்' எனப் பெயரிட்டனர். வயது சுமார் 5½ கோடி ஆண்டுகள். பின்னர் அதை முயல் கூட்டத்தில் சேர்த்தவர்களும் உண்டு. ஆனால் முயலுக்கு மேல்முன்பற்களின் பின்னே இன்னொரு சிறு சோடி இருக்கும். யூரிமைலஸுக்கோ எலியைப்போல ஒரே சோடிதான். ஆகவே இன்று அது எலியின் பக்கம் வந்துவிட்டது. பாட்டன் என்று சொல்லிவிடாதீர்கள்; சாச்சா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.