நான்கு வாரத்தில் ஒரு கல்லூரிப் பாடம்

வரும் பருவத்தில் நான் கல்லூரிப் பாடம் ஒன்று படிக்கப் போகிறேன். இங்கிலீஷில் கடிதம், விண்ணப்பம், குறிப்பு எல்லாம் ஒழுங்காக எழுதக் கற்றுத் தரும் பாடம். கல்லூரிக்குப் போக வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ படிக்கலாம். மற்ற பாடங்கள் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று போகும்போது இது நான்கே வாரத்தில் முடிந்து விடும்.

"பிளஸ் டூவோட நிறுத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். காரணத்தைச் சொல்லி விடுகிறேன்.

போன வருஷம் என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அன்று மாலையே வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டியது. சர்க்கரை ஏறி விட்டதால் டாக்டர் ஒரு ராத்திரி தங்கச் சொன்னார். இன்ஷூரன்ஸ் பணத்துக்கு எழுதிப் போட்டோம். "ஏன் தங்க நேர்ந்தது? பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவும்" என்று இங்கிலீஷில் கடிதம் வந்தது. என்ன நடந்தது என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எத்தனை மணிக்குச் சர்க்கரை பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரை கொடுத்தார்கள் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் பதில் எழுதப் பிள்ளை ஹாஸ்டலிலிருந்து பரீட்சை முடிந்து வர வேண்டியிருந்தது. இவருக்கோ ஆபீசில் கணக்கு முடிக்கிற மாதம். பதில் போனது பதிமூன்றாம் நாள். பணம் வந்தது, அது வேறு விஷயம். விஷயம் பூராவும் என் கையில், அதைச் சொல்லும் வார்த்தை மட்டும் பிறத்தியார் கையில் என்றிருப்பது எத்தனை நாளைக்கு?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு வேறு கவலை. பி.காம். படித்தவள். குழந்தைக்காக வேலையை விட்டு நாலு வருஷம். "அக்கா, திரும்ப வேலைக்கு எழுதிப் போடணும். அந்த நாலு வருஷத்தை எப்படி எழுதறதுன்னே தெரியலை" என்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து படிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

இந்தப் படிப்பு எங்கே கிடைக்கிறது? நம் அடையாறு பக்கத்தில் இருக்கிறதே ஐ.ஐ.டி., 1959-ல் ஆரம்பித்தது, அதுவும் மற்ற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கின. முதலில் பேராசிரியர்களின் பாடங்களை வீடியோவாகப் போட்டார்கள். 2014 முதல் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017-ல் மத்திய அரசு 'ஸ்வயம்' என்ற பொது வாசலைத் திறந்தது. இன்று அதன் வழியாகத்தான் சேர வேண்டும். படிக்கக் காசு கிடையாது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க விரும்பினால் மட்டும் கட்டணம். வயது வரம்பும் இல்லை.

எழுத்துக்கென்றே நான்கு வாரப் பாடங்கள் இதில் வந்திருக்கின்றன. ரூர்க்கி ஐ.ஐ.டி. பேராசிரியர் பினோத் மிஸ்ரா நடத்தியிருக்கும் 'எஃபெக்டிவ் ரைட்டிங்' அப்படிப்பட்டது. பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் இரண்டு பருவங்களில் வரும். எந்தப் பருவத்தில் எது வருகிறது என்று பட்டியல் பார்த்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்குச் சுருக்கப் படிப்பு என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. மயிலாப்பூரில் துர்காபாய் அம்மையார் பெண்களைக் கூட்டி வைத்து, காசி இந்துப் பல்கலைக் கழகத்தின் மெட்ரிக் தேர்வுக்குத் தயார் செய்தார். அவர் தொடங்கியதுதான் ஆந்திர மகிள சபா. பிற்பாடு அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகி, 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவியும் ஆனார். அந்த வாரியம் 1958-ல், படிப்பை விட்ட வயது வந்த பெண்களுக்காகச் சுருக்கப் படிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் பல வருஷம் படிப்பதை இரண்டே வருஷத்தில் படித்துத் தேர்வு எழுத வைத்தார்கள். அடையாறு பாலத்தை நோக்கிப் போகும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

என் மாமியாரே எழுபதுகளில், கைக்குழந்தையோடு அப்படி ஒரு வகுப்புக்குப் போய் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவர். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், "சேரு, சேரு. நான்கு வாரம் காலை டிபன் என் பொறுப்பு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்து விட்டது.

சரி, குறுகிய காலப் பாடம் என்றால் சுலபம் என்று நினைக்கக் கூடாது. குக்கரில் வைத்தாலும் பருப்பை முதலில் ஊற வைத்தால்தானே நன்றாக வேகும்? நான்கு வாரத்தில் ஒரு வாரம் தவறினாலே கால்வாசி போயிற்று. ஆகவே ஆரம்பிக்கும் முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. நாங்கள் செய்து வருவதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், காலண்டர். பாடம் தொடங்கும் தேதி, தேர்வுத் தேதி இரண்டையும் தினசரிக் காலண்டரில் குறித்து விட்டு, பக்கத்தில் வீட்டு விசேஷங்களைப் பாருங்கள். பொங்கல், நவராத்திரி கொலு, குழந்தைகளின் பரீட்சை, திதி, நாத்தனார் வீட்டு வளைகாப்பு எதுவும் அந்த நான்கு வாரத்தில் விழுகிறதா? விழுந்தால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடுங்கள். தவறில்லை.

இரண்டாவது, நேரக் கணக்கு. நான்கு வாரப் பாடத்தில் ஏறக்குறைய பத்து மணி நேர வீடியோ இருக்கும். வாரத்துக்கு இரண்டரை மணி. ஐந்து நாளைக்குத் தினம் அரை மணி கேட்டால் முடிந்து விடும். கேட்டதை எழுதிப் பார்க்கத் தினம் இன்னொரு அரை மணி. வாரக் கடைசியில் வீட்டுப் பாடத்துக்கு ஒரு மணி. ஆக வாரத்துக்கு ஆறு மணி. சமையல் முடிந்து பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என் நேரம். மாடிப் பெண்ணுக்குக் குழந்தை தூங்கும் இரண்டரையிலிருந்து மூன்றரை. தூக்கத்தைக் குறைத்து மட்டும் படிக்காதீர்கள். நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் தலைவலி வந்து புத்தகத்தை மூட வைத்து விடும்.

மூன்றாவது, முன்கூட்டியே கேட்பது. முந்தைய பருவங்களின் வீடியோக்கள் யூட்யூபில் இலவசமாக இருக்கின்றன. நாங்கள் இப்போதே முதல் வாரத்துப் பாடங்களைக் கேட்கத் தொடங்கி விட்டோம். பேராசிரியரின் உச்சரிப்பு காதுக்குப் பழகுகிறது. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். வீடியோவின் அடியில் ஓடும் எழுத்தையும் போட்டுக் கொள்ளுங்கள்.

நான்காவது, பெயர். இதில் பெண்களுக்கு ஒரு தனித் தொல்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் என்று இருக்கும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். தேர்வு அறையில் அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். ஆகவே அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். உங்களுக்கென்று சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். வீட்டுக்காரர் முகவரியைக் கொடுத்தால் அறிவிப்பெல்லாம் அவருடைய ஆபீஸ் கடிதங்களுக்கு நடுவே மாட்டிக் கொள்ளும்.

ஐந்தாவது, கண்ணும் கழுத்தும். நாற்பதைத் தாண்டினவர்களுக்கு வெள்ளெழுத்து இருந்தால் முதலில் கண்ணாடி போட்டுக் கொள்ளுங்கள். கைபேசியின் சின்ன எழுத்தை உற்றுப் பார்த்துத் தலைவலி வருவதைப் 'படிப்பு ஏறவில்லை' என்று எண்ணி விட்டவர்கள் உண்டு. படுத்துக் கொண்டு கேட்காமல், கைபேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து உட்கார்ந்து கேளுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பாருங்கள். தேர்வு கம்ப்யூட்டரில் நடப்பதால் மௌஸ் பிடித்துப் பழகுவதும் நல்லது.

ஆறாவது, இதுதான் முக்கியம். இந்தப் படிப்பில் வீட்டுப் பாடமும் தேர்வும் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கம்ப்யூட்டரே திருத்தி விடும். நாம் எழுதிய கடிதத்தை யாரும் படித்துப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். சமையல் குறிப்பைப் படித்தால் மட்டும் ரசம் வந்து விடுமா? எழுதிப் பார்க்கிற வேலை நம்முடையது. அதற்குத்தான் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நான் எழுதினதை மாடிப் பெண் படிப்பாள், அவள் எழுதினதை நான் படிப்பேன். 'எங்கே புரியவில்லை' என்று மட்டும் கோடு போட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

இப்படிப் பழகியதில் ஒன்று கண்டு கொண்டேன். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் எத்தனை விஷயத்தையும் நடுவே கோத்துக் கொண்டே போகலாம். இங்கிலீஷில் யார் செய்தது, என்ன செய்தது இரண்டும் முன்னாலேயே வந்து விட வேண்டும். 'போன மாதம் 12-ந் தேதி கண் ஆபரேஷனுக்குச் சேர்ந்து, சர்க்கரை ஏறியதால் ஒரு ராத்திரி தங்கின என் மாமியாரின் பில்லை அனுப்பியிருந்தேன்' என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லலாம். அதை அப்படியே மாற்றப் போனால்தான் சிக்கல். நான்காக உடையுங்கள். மாமியார் 12-ந் தேதி சேர்ந்தார். ஆபரேஷன் நடந்தது. சர்க்கரை ஏறியதால் டாக்டர் தங்கச் சொன்னார். நான் பில்லை அனுப்பினேன். ஒவ்வொன்றையும் நம் பிளஸ் டூ இங்கிலீஷிலேயே எழுதி விடலாம்!

கடிதத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. நான் யார், எந்த நம்பர் பாலிசி என்பது முதல் பத்தி. என்ன நடந்தது, எந்தத் தேதி என்பது இரண்டாவது. எனக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றைத் தவிர வேறு எது வந்தாலும் எடுத்து விடலாம்.

வீட்டில் சத்தம் என்றால் வாரத்தில் ஒரு நாள் வெளியே போகலாம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு. கொஞ்சம் பெரிய குழந்தையானால் அழைத்துப் போகலாம்.

தேர்வு எழுத வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். எழுதுவதானால், பாடத்தில் பெயர் கொடுத்தது போதாது. தேர்வுக்குத் தனியாகக் கெடு தேதிக்குள் விண்ணப்பித்துப் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நான்கு வீட்டுப் பாடங்களில் சிறந்த மூன்றுக்கு 25 மார்க், தேர்வுக்கு 75. முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். இது பட்டம் இல்லை என்பதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பட்டமே வேண்டுமென்றால் 1981 முதல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தொலைதூரக் கல்வி, 1985-ல் வந்த இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம், 2002-ல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் என்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் சேர நினைப்பவர்களுக்கும் இந்த நான்கு வாரம் நல்ல ஒத்திகை. நேரம் ஒதுக்க முடிகிறதா, வீட்டார் ஒத்துழைக்கிறார்களா என்று தெரிந்து விடும்.

மாடிப் பெண் தேர்வு எழுதப் போகிறாள். வேலைக்கு எழுதிப் போடும்போது அந்த நாலு வருஷத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று அவளுக்கு ஆசை. நியாயமான ஆசைதான். நானும் எழுதுவேன், ஆனால் எனக்கு வேண்டியது வேறு. அடுத்த தடவை அப்படி ஒரு கடிதம் வந்தால், வந்த அன்றே பதில் போக வேண்டும்.

நீங்களும் சேரலாமா என்று யோசிக்கிறீர்களா? அதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை. நாளை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சரியாக வராததைப் பற்றி அதிகாரிக்கு எட்டே வரியில், தமிழிலேயே, ஒரு கடிதம் எழுதுங்கள். யார், என்ன, எப்போது, என்ன வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்து விட்டால் நான்கு வாரமும் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால், எது குறுக்கே வந்தது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெயர் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.